பி.எஸ்.ஏ.வை மின்சாரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

புராஸ்டேட் புற்றுநோய் சந்தேகம் வந்தால் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை அளப்பார்கள். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. அதே ரத்தத்தில் ஆல்புமின், எடையில் இதைப்போல் சுமார் ஒரு கோடி மடங்கு! இந்தக் கூட்டத்தில் எப்படித் தேடுவது?

மின்முனைமேல் பி.எஸ்.ஏ.வைப் பற்றும் ஆன்டிபாடிகளை ஒட்டிவைக்கிறார்கள். கரைசலில் உள்ள ஃபெர்ரிசயனைடு மின்முனையிடம் எலெக்ட்ரான் வாங்குவதால் மின்னோட்டம் உண்டாகிறது. பி.எஸ்.ஏ. வந்து அமர்ந்தால் வழி அடைபடும், மின்னோட்டம் குறையும். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து அளவைக் கணிக்கலாம். மின்முனைமேல் தங்க நானோதுகள்களையும் பூசுவதுண்டு. எதற்கு? பரப்பு பெருகும், ஆன்டிபாடிகள் கூடுதலாக ஒட்டும், மின்சாரமும் எளிதாகப் பாயும்.

ஆல்புமினும் சும்மா இருப்பதில்லை. மின்முனையில் ஆன்டிபாடிகளுக்கு இடையே உள்ள காலி இடங்களில் ஒட்டிக்கொண்டு பொய்யாக மின்னோட்டத்தைக் குறைக்கும். சுத்தமான கரைசலில் அசத்தும் இத்தகைய உணரிகள் நிஜ ரத்தத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.