அடிமை எப்படி அரசன் ஆனான்?

வரலாற்றுப் பாடத்தில் டெல்லியை ஆண்ட 'அடிமை வம்சம்' படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "அடிமை எப்படி சார் ராஜா ஆக முடியும்?" என்று நம்ம வகுப்பில் ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அது நல்ல கேள்வி!

பாக்தாத் கலீபா முஃதசிம் (833–842) துருக்கியச் சிறுவர்களை ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கிப் படைவீரர்கள் ஆக்கினார். ஏன் தெரியுமா? உள்ளூர் வீரனுக்குச் சொந்தம், பந்தம், குலம் எல்லாம் உண்டு. வாங்கி வந்த பையனுக்கு எசமானை விட்டால் யாருமே இல்லை. அதனால் விசுவாசமாக இருப்பான் என்று நினைத்தார்கள். ஆனால் 861-ல் கலீபா முதவக்கிலை அந்தத் துருக்கிய வீரர்களே கொன்றுவிட்டார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

எகிப்தில் இவர்களுக்கு 'மம்லூக்' என்று பெயர். 'உடைமையாக்கப்பட்டவன்' என்று அர்த்தம். முஸ்லிம்களை அடிமையாக்க இஸ்லாமியச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆகவே கருங்கடலுக்கு வடக்கே இருந்து சிறுவர்களை வாங்கினார்கள். முதலில் எழுத்தும் குர்ஆனும் படிக்க வேண்டும். பிறகு குதிரையேற்றம், ஈட்டி, வில், வாள். பயிற்சி முடிந்ததும் விடுதலை கொடுத்து, குதிரையும் ஆயுதமும் தருவார்கள்.

கலாவூன் என்பவரின் பட்டப்பெயர் 'அல்ஃபி', அதாவது 'ஆயிரத்தான்'. அவரை வாங்கிய விலை ஆயிரம் தினார்! அடேயப்பா! அவரே 1279-ல் சுல்தான் ஆனார்.

1250-ல் மம்லூக்குகள் எகிப்தின் ஆட்சியையே பிடித்தார்கள். 1260-ல் பாலஸ்தீனத்தில் அய்ன் ஜாலூத் என்ற இடத்தில் மங்கோலியரைத் தோற்கடித்தார்கள். அந்தப் போரில் முன்னணியில் நின்ற பைபர்ஸ், மங்கோலியர் படையெடுப்பால் ஊரை இழந்து சின்ன வயதில் விற்கப்பட்டவர். அதே வருடம் தன் சுல்தான் குத்துஸைக் கொன்றுவிட்டு அவர் சுல்தான் ஆனார்.

மம்லூக்கின் மகன் சுதந்திரமாகப் பிறந்தவன். அதனால் அவனைப் பொதுவாக அந்தப் படையில் சேர்க்க மாட்டார்கள். புதுசு புதுசாகச் சிறுவர்களை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 1517-ல் உதுமானியர் எகிப்தைப் பிடிக்கும்வரை இந்த ஆட்சி நடந்தது.

ஆக, அடிமை ராஜா ஆனது உண்மைதான். ஆனால் அம்மாவைப் பிரிந்து விற்கப்பட்ட பையன், ராஜா ஆனதும் இன்னொரு அம்மாவின் பையனைத்தானே வாங்கினான்? யோசித்துப் பாருங்கள்!