வகுப்பறையில் ஒரு திரைப்படம்: கையெழுத்துப் போடலாமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை இரவு, எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி தொலைபேசியில் அழைத்தார்கள். மும்பையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவர்களுடைய மகனின் பள்ளியிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்திருந்தது. வகுப்பில் "12த் ஃபெயில்" என்னும் இந்தித் திரைப்படத்தைக் காண்பிக்கப் போகிறார்களாம். பெற்றோர் சம்மதித்துக் கையொப்பமிட வேண்டுமாம். "பாஸ்டர், கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்கள்.

இதே கேள்வியை 2008ஆம் ஆண்டில் ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார். அன்று நான் ஒரு நொடியும் யோசியாமல் பதில் சொன்னேன். அந்தப் பதிலைக் குறித்து எனக்கு இன்றளவும் மனவருத்தம் உண்டு. ஆகையால் இம்முறை, "காலையில் பேசுகிறேன், அம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நம்மில் அநேகர் வளர்ந்த விதம் உங்களுக்குத் தெரியும். கொட்டகை இருக்கும் தெரு வழியாய்ப் போவதே தவறு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். நான் பயின்ற வேதாகமக் கல்லூரியில், சினிமா பார்த்தவன் என்று தெரியவந்தால் மறுநாள் பெட்டியைக் கட்டவேண்டும். ஆகவே அந்தத் தகப்பன் கேட்டபோது, "அந்த நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுங்கள்" என்றேன். அவர் தாராவியில் அதிகாலையில் எழுந்து, சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்று, அந்த வருமானத்தில் மகனை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்திருந்தவர். பையனுக்கு வயது பத்து. படிப்பு ஏறவில்லை, எழுத்துகளைத் திருப்பித் திருப்பி எழுதுகிறான் என்று அதையும் சொல்லி அழுதார். நான் நீதிமொழிகளில் பிரம்பைக் குறித்துச் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டி, கண்டிப்பு போதவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

பள்ளியில் காண்பிக்கப்பட்ட படம் 2007 டிசம்பரில் வெளிவந்த "தாரே ஜமீன் பர்". இஷான் என்னும் எட்டு வயதுப் பையனுக்குப் புத்தகத்திலுள்ள எழுத்துகள் நிலைகொள்ளாமல் ஆடுகின்றன. சோம்பேறி, அடங்காதவன் என்று பெயர் வாங்கி, விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறான். ஓவிய ஆசிரியர் ஒருவர் அவனுடைய நோட்டுகளைப் பார்த்து, அவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு என்று கண்டுபிடிக்கிறார்.

அந்தப் பள்ளியின் வகுப்பாசிரியை செய்ததைக் கேளுங்கள். எழுத்துகள் ஆடுகிற காட்சி வந்தவுடன் அவர் படத்தை நிறுத்தினாராம். கரும்பலகையில் ஆங்கிலத்தின் சிறிய 'பி', சிறிய 'டி' இரண்டையும் எழுதி, "உங்களில் யாருக்காவது இவை இடம் மாறித் தெரிவதுண்டா? பயப்படாமல் சொல்லுங்கள்" என்று கேட்டாராம். இரண்டு பிள்ளைகள் கையை உயர்த்தினார்கள். மூன்றாவதாகக் கையை உயர்த்தியிருக்க வேண்டிய பிள்ளை, என் ஆலோசனையின்படி வீட்டில் அமர்ந்து, தகப்பனிடம் அடி வாங்கிய கையைத் தடவிக்கொண்டிருந்தான்.

நல்லவேளை, அந்த ஆசிரியை அத்தோடு விடவில்லை. அடுத்த வாரமே அந்த வீட்டுக்கு நடந்தே போய்த் தாயாரோடு பேசினார். சயானிலுள்ள லோகமான்ய திலக் நகராட்சி மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டைப் பரிசோதித்துச் சான்று வழங்கும் பிரிவு இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. நடந்து போகும் தூரம்! சான்று கிடைத்தது, தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்தது. பிற்பாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இது அறிவுக் குறைவு அல்ல, மருந்தினால் தீர்வதும் அல்ல. வேறு விதமாய்ப் பொறுமையோடு கற்பித்தால் பிள்ளை வாசிப்பான். நான் அந்த வீட்டுக்குப் போய்த் தகப்பனிடத்திலும், முக்கியமாக அந்தப் பையனிடத்திலும் மன்னிப்புக் கேட்டேன்.

ஆசிரியை கொடுத்த டி.வி.டி.யில் நானும் என் மனைவியும் அப்படத்தைப் பார்த்தோம். விடுதியில் இருக்கும் சிறுவன் ஒரு சிறு புத்தகத்தின் பக்கங்களில் வரைந்து வைத்திருக்கிறான். பக்கங்களை வேகமாய்ப் புரட்டினால், ஒரு பிள்ளை தன் குடும்பத்தைவிட்டு விலகி விலகிப் போகிறது. என் மனைவி அந்த இடத்தில் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். ஆனாலும் அந்தப் படத்தின்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. முடிவில் அப்பையன் ஓவியப் போட்டியில் முதலிடம் பெறுகிறான். வாசிக்க இயலாத ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் ஒரு பெரிய ஓவியன் ஒளிந்திருப்பான் என்று பெற்றோர் எண்ணிக்கொள்ள இது இடங்கொடுக்கிறது. எங்கள் பையனுக்கு வரையவும் வராது, பாடவும் வராது. பரிசு வாங்காத பிள்ளையும் அடிக்கப்படாமல் வளரவேண்டுமல்லவா? இதைப் படம் சொல்லாது. அருகில் இருக்கும் ஆசிரியர்தான் சொல்லவேண்டும்.

பிரியமானவர்களே, படத்தை நிறுத்திப் பேசுவது புதிய முறை என்று நினைக்காதிருங்கள். சினிமா கூடாது என்று சொன்ன நாமே, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் தெருமுனையில் வெள்ளைத் துணி கட்டி, லூக்கா சுவிசேஷத்தைத் தழுவி 1979இல் எடுக்கப்பட்ட "இயேசு" திரைப்படத்தைக் காண்பிக்கவில்லையா? இன்று 2000க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசுகிற அதுவும் சினிமாதானே! (இதை நான் சொன்னால் எங்கள் மூப்பர் ஒருவர் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.) சிறுவனாய் மணலில் அமர்ந்து பார்த்தபோது, ஒரு சுருள் முடிந்து மறு சுருளை மாட்டுவதற்குள் விளக்கைப் போடுவார்கள். ஊழியர் எழுந்து, "இப்போது பார்த்தீர்களே, அந்த மனிதன் ஏன் மரத்தில் ஏறினான்?" என்று கேட்பார். சுருள் ஓடியபோது பார்த்தவை பல மறந்துபோயின. அந்த இடைவெளியில் கேட்ட கேள்விகள் மறக்கவில்லை.

இக்காலத்தில் சுருளும் இல்லை, இடைவெளியும் இல்லை. "தாரே ஜமீன் பர்" ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். பள்ளியில் ஒரு பாடவேளையோ முக்கால் மணி நேரங்கூட இல்லை. தேர்வு முடிந்த கடைசி வாரத்தில் திரையை ஓடவிட்டு, ஆசிரியர் பின்னால் அமர்ந்து விடைத்தாள் திருத்துகிற வகுப்புகளும் உண்டு. அது பாடம் அல்ல, பொழுதுபோக்கு. அதற்குச் சம்மதச் சீட்டு அனுப்பினால் நீங்கள் தயங்குவதில் தவறில்லை.

எங்கள் வாலிபர் கூட்டத்தில் இதை நான் ஒருமுறை செய்து பார்த்தேன். ஓட்ட வீரர் எரிக் லிடெல்லைப் பற்றிய "சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்" (1981) படத்தை நான்கு சனிக்கிழமைகளில், வாரம் அரைமணி நேரமாகக் காண்பித்தேன். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், ஞாயிற்றுக்கிழமையில் வந்த தகுதிச்சுற்றுக்காக 100 மீட்டர் ஓட்டத்தை விட்டுக்கொடுத்து, 400 மீட்டரில் தங்கம் வென்றவர் அவர். கப்பலில் ஏறும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை விவரம் அவருக்குத் தெரிவதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் பல மாதங்களுக்கு முன்னரே அவருக்குத் தெரியும். அதற்கேற்ப 400 மீட்டருக்குப் பயிற்சியும் எடுத்திருந்தார். 1 சாமுவேல் 2:30ஐக் குறிப்பிட்ட சீட்டை ஓர் அமெரிக்க ஓட்டக்காரர் கொடுப்பதாகக் காட்டியிருப்பதும் கற்பனையே. அதைக் கொடுத்தவர், அணியினருக்கு உடம்பு பிடித்துவிடும் பணியாளர். "அப்படியானால் படம் பொய்யா, பாஸ்டர்?" என்று வாலிபர்கள் கோபப்பட்டார்கள். கப்பலில் ஏறும் நேரத்தில் எடுத்த தீர்மானம் பெரிதா, பல மாதங்கள் சுமந்துகொண்டு பயிற்சி செய்த தீர்மானம் பெரிதா என்று கேட்டேன். அன்று கூட்டம் முடிய இரவு பத்தாயிற்று. படத்தில் இருந்த பிழைதான் எங்களை அவ்வளவு நேரம் பேசவைத்தது.

அண்மையில் நான் பார்த்தது "ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்" என்னும் மலையாளப் படம். 2024 நவம்பரில் வந்தது. கடைசி இருக்கைப் பையன் பள்ளித் தேர்தலில் நிற்கும் சிறிய கதை. இதன் விளைவாகக் கேரளத்துப் பள்ளிகள் சிலவற்றில் 2025ஆம் ஆண்டில் இருக்கைகளைச் சுவரோரமாய்ச் சுற்றிப் போட்டு, கடைசி வரிசையையே எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டிலும் 'ப' வடிவ இருக்கை பற்றி அறிவிப்பு வந்து, கழுத்து வலிக்கும் என்ற எதிர்ப்பும் கூடவே வந்தது. படம் எனக்குப் பிடித்தது. ஆனால் பெஞ்சை நகர்த்துவது எளிது; கடைசி பெஞ்சுப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு ஆசிரியருக்கு மனம் வேண்டும்.

இனி அந்தச் சகோதரியிடம் வருகிறேன். மறுநாள் காலை அவர்களிடம் இரண்டு காரியம் சொன்னேன். படம் முடிந்தபின் பிள்ளைகளோடு பேச நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அதற்கு முன் நீங்களும் வீட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றேன். 2023இல் வெளிவந்த அப்படம், மனோஜ் குமார் சர்மா என்னும் ஐ.பி.எஸ். அதிகாரியின் வாழ்க்கையைத் தழுவியது. சம்பல் பகுதியில், ஆசிரியர்களே காப்பியடிக்க உதவுகிற பள்ளியில், நேர்மையான காவல் அதிகாரி ஒருவர் வந்து அதை நிறுத்திவிட, பையன் பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றுப்போகிறான். அடுத்த ஆண்டு காப்பியடியாமல் எழுதிக் குறைந்த மதிப்பெண்ணோடு தேறுகிறான்.

சகோதரி கையெழுத்திட்டு அனுப்பினார்கள். படம் பார்த்த அன்று இரவு, சாப்பிடும்போது மகன் தகப்பனை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, நீங்க பத்தாவதுல பிட் அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டானாம். தகப்பன் ஒன்றும் சொல்லாமல் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். இரவு பதினொன்றரைக்கு என் தொலைபேசி அடித்தது. "பாஸ்டர், நான் அவனுக்கு என்ன சொல்லட்டும்?" என்றார்.

அடித்தீர்களா என்று நானும் கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "கணக்குப் பரீட்சையில் மட்டும்" என்றார்.