பரணில் கிடந்த இயந்திரம்

இல்லத்தில் ஒரு பொருள் பழுதுற்றால், "இனி இது எதற்கு? பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம்" என்கிறோம். நாங்களும் அவ்வாறே சொன்னோம். 1986இல் வாங்கிய தூசி உறிஞ்சும் இயந்திரம் ஓமலூரில் எங்கள் வீட்டுப் பரணில் பல்லாண்டுகளாகக் கிடந்தது. சென்ற கோடையில், துடைப்பம் எழுப்பிய புழுதியால் எங்கள் இளைய மகளுக்கு மூச்சிரைப்பு மிகுந்தது. அப்போதுதான் அதனைக் கீழே இறக்கினோம்.

இக்கருவியின் வரலாறும் மூச்சிரைப்போடு தொடர்புடையதே. அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்துக் கான்டன் நகரில், ஒரு கடையைக் கூட்டிப் பெருக்கும் பணியில் இருந்தவர் ஜேம்ஸ் முரே ஸ்பாங்ளர். ஆஸ்துமாவால் அவதியுற்ற அவர், மின்விசிறி மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு கையில் ஏந்தத்தக்க ஒரு கருவியை அமைத்தார். 1908இல் காப்புரிமையும் பெற்றார். அவ்வுரிமையை வாங்கிய ஹூவர் குடும்பத்தாரின் பெயரே உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில், 1982இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தார் வீடு வீடாகச் சென்று இதனை இயக்கிக் காட்டினர்.

எங்கள் இயந்திரத்தை மின் இணைப்பின்றித் திறந்தோம். துணிப்பையும் விசிறியும் பழந்தூசியால் அடைபட்டிருந்தன. பையைத் துவைத்து, நிழலில் நன்கு உலர்த்தினோம். மோட்டாரின் சுழலும் செம்புத் தகடுகளுக்கு மின்சாரம் அளிக்கும் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து குட்டையாயிருந்தன. அதே அளவில் புதியவை வாங்கிப் பொருத்தினோம். கறுத்த செம்பை மெல்லிய உப்புத்தாளால் துடைத்தோம். எமரித்தாள் இதற்கு உதவாது. அதன் துகள் தகடுகளிடையே தங்கித் தீங்கு விளைக்கும். விறைத்து வெடித்த மின்கம்பியை முற்றிலும் மாற்றினோம். பேரிங் மாற்றுவது எங்களுக்குக் கைவராத வேலையாதலால், அதனை மட்டும் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் கொடுத்தோம். பிறகு இயக்கியபோது, பழைய இரைச்சலோடு அது உயிர்பெற்றது!

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பழைய துணிப்பை நுண்தூசியை முழுவதும் தடுப்பதில்லை. ஆதலால் இயந்திரம் ஓடும்போது மகளை வேறிடத்தில் இருக்கச் செய்கிறோம். சன்னல்களைத் திறந்து வைக்கிறோம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பையை வெளியே கொண்டுபோய்ப் பெரியவர்களே உதறுகிறோம். மருத்துவர் தந்த மருந்தும் தொடர்கிறது.

தூசியை நீக்கவந்த கருவி தூசியாலேயே முடங்கிக் கிடந்தது. உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகையதொன்று இருக்கக்கூடும். இரும்புக் கடைக்கு அனுப்புமுன், அதனை முடக்கியது பழுதா, வெறும் அழுக்கா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.