கப்பலில் குறை சொல்லவும் நேரம் உண்டு
கடல்வழி விடுமுறை – 6

சனிக்கிழமை காலை, மயாமி துறைமுகம். உலகின் மிகப் பெரிய பயணக் கப்பல்களில் ஒன்றான ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ ஒரு வாரக் கரீபியச் சுற்றை முடித்துக்கொண்டு வந்து நிற்கிறது. உள்ளே இருக்கும் ஐயாயிரத்துச் சொச்சம் பேரும் காலை உணவு முடிந்த கையோடு இறங்கியாக வேண்டும். மாலைக்குள் அதே அளவு கூட்டம் புதிதாக ஏறிவிடும். இடையில் கிடைப்பது சில மணி நேரம்தான். அதற்குள் ஆயிரக்கணக்கான கட்டில்களுக்கு விரிப்பு மாற்ற வேண்டும், குளியலறைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஒரு வாரத்துக்கான காய்கறியும் இறைச்சியும் பாலும் கப்பலுக்குள் ஏற வேண்டும். 2,350 ஊழியர்கள் இருந்தும் அன்று யாருக்கும் உட்கார நேரம் இருக்காது.

புதிய பயணிகள் சேவை மேசைக்கு முன்னால் நீண்ட வரிசையில் நிற்பதும் அதே நாளில்தான். ஒருவருக்குப் பெட்டி வந்து சேரவில்லை, இன்னொருவருக்கு அறை பிடிக்கவில்லை, மூன்றாமவருக்குச் சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டும். இவற்றில் பாதிக்கு அந்த மேசையில் தீர்வே கிடையாது. பெட்டி பெரும்பாலும் இரவுக்குள் தானாக வந்துவிடும். சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்கிறவர் உணவுக்கூடத்தில் இருக்கிறார். கப்பலில் நல்ல சேவை பெறுகிறவர்களுக்கும் புலம்பிக்கொண்டே திரும்புகிறவர்களுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதுதான்: எதை யாரிடம், எப்போது சொல்வது என்று முன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பலரும் நினைப்பதுபோல எல்லாவற்றுக்கும் கேப்டனிடம் போக வேண்டியதில்லை. தங்கும் அறை, உணவு, மதுக்கூடம், கேளிக்கை என விடுமுறை சம்பந்தப்பட்ட அத்தனையும் ஹோட்டல் டைரக்டர் என்ற அதிகாரியின் கீழ் வருகின்றன. அவர்வரை போக வேண்டிய குறைகள் மிகக் குறைவு. அறைக்குள் நடப்பதைக் கேபின் ஸ்டூவர்டே சரிசெய்துவிடுவார். கொரோனா காலத்துக்குப் பிறகு ராயல் கரீபியன், நார்வீஜியன் போன்ற நிறுவனங்கள் சாதாரண அறைகளை நாளுக்கு இரண்டு முறை சுத்தம் செய்துவந்ததை ஒரு முறையாகக் குறைத்துவிட்டன. அதனால் முதல் நாளே ஸ்டூவர்டைப் பார்த்து, அறையைக் காலையில் ஒழுங்குபடுத்த வேண்டுமா மாலையிலா என்பதையும், கூடுதல் தலையணை, குழந்தைக்குத் தொட்டில் போன்ற தேவைகளையும் சொல்லிவிடுவது நல்லது. அவர் பொறுப்பில் பல அறைகள் இருக்கின்றன. முதல் நாளே சொன்னால் அவருடைய வாரத் திட்டத்திலேயே அது சேர்ந்துவிடுகிறது.

உணவுக்கூடம் இன்னும் நுணுக்கமான இடம். பழைய முறையில் ஒவ்வொரு பயணிக்கும் குறித்த நேரம், குறித்த மேசை, பயணம் முழுவதும் அதே பரிமாறுபவர். 2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் நிறுவனம் விரும்பிய நேரத்தில், விரும்பிய இடத்தில் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் ஏதோவொரு வடிவில் அதைப் பின்பற்றின. சுதந்திரம் கூடியது. ஆனால் இரண்டாம் இரவே யாருக்குக் காரம் ஆகாது, யாருக்குக் காபி உடனே வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்த அந்தப் பரிமாறுபவரின் பழக்கம் போய்விட்டது. பழக்கத்தை மதிப்பவர்கள், முக்கியமாக வயதானவர்களோடு போகிறவர்கள், பழைய முறையைத் தேர்ந்தெடுப்பதே மேல். மேசை பொருந்தவில்லை என்றால் முதல் இரவே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் சொன்னால் காலி மேசை இருக்காது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தத் தலைமைப் பரிமாறுபவர்தான் பெரிய துணை. அமெரிக்க, ஐரோப்பியக் கப்பல்களின் பட்டியலில் சைவம் என்று போட்டிருப்பதில் முட்டையும் பாலாடைக்கட்டியும் தாராளமாக இருக்கும். கிழக்காசிய வகைகளில் மீன் சாறு கலந்திருக்கலாம். எது கூடாது என்பதைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். பல கப்பல்களில் பட்டியலில் இல்லாத இந்தியச் சைவச் சமையல் கேட்டால் கிடைக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான தட்டுகளைக் கணக்குப் போட்டு ஓடும் சமையற்கூடத்தில் ஒரு தட்டு தனியாக வர, முந்தைய நாளே தகவல் போயிருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கொடுப்பதும், கப்பல் ஏறிய முதல் மாலையில் நேரில் நினைவூட்டுவதும், ஒவ்வோர் இரவும் மறுநாள் பட்டியலைக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் சேர்ந்தால்தான் இது சரியாக நடக்கும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ ஓடத் தொடங்கியபோது பல தமிழ்க் குடும்பங்கள் முதன்முறையாகக் கப்பல் ஏறின. அங்கே ஜைன உணவுகூடக் கிடைத்தது. அந்த வசதியை மயாமியிலோ பார்சிலோனாவிலோ எதிர்பார்த்துப் போனால் முதல் இரவு ரொட்டியும் காய்கறி சாலடும்தான்.

சேவை செய்கிறவர்களின் நாள் எப்படிப் போகிறது என்பதையும் பயணி அறிந்திருக்க வேண்டும். 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஓய்வுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரம். அந்தப் பத்து மணியையும் இரண்டாகப் பிரிக்கலாம், ஒரு பகுதி ஆறு மணி நேரமாவது இருந்தால் போதும். வாரவிடுமுறை இல்லாமல் ஆறு மாதம், எட்டு மாதம் ஒப்பந்தம் என்பது இங்கே சாதாரணம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவோடு கோவாவிலிருந்தும் ஏராளமானோர் இந்த வேலைக்குப் போகிறார்கள். அவர்களைச் சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் படித்து அழைப்பதற்குக் காசு செலவில்லை.

அன்பளிப்பு விஷயத்தில்தான் பெரிய அநியாயம் நடக்கிறது. பெரும்பாலான அமெரிக்க நிறுவனங்கள் ஆளுக்கு, நாளுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர்வரை அன்பளிப்பாகக் கணக்கில் ஏற்றுகின்றன. அது ஸ்டூவர்டுக்கும் பரிமாறுபவருக்கும் மட்டுமல்லாமல், கண்ணில் படாத பலருக்கும் பிரிந்து போகிறது. ஒரு நாள் சாப்பாடு ஆறிப்போயிருந்தது என்பதற்காகக் கடைசி இரவில் சேவை மேசைக்குப் போய் மொத்தத்தையும் நீக்கச் சொல்லும் பயணிகள் உண்டு. ஆறிய சாப்பாட்டுக்குத் தொடர்பே இல்லாதவர்களின் வருமானத்தில் அது கை வைக்கிறது. பிரிட்டனின் பி அண்ட் ஓ 2019இல் இந்தத் தினசரிக் கட்டணத்தையே எடுத்துவிட்டு டிக்கெட் விலைக்குள் சேர்த்துக்கொண்டது. ஊழியரின் சம்பளத்தைப் பயணியின் மனநிலைக்கு விடாத அந்த முறையே நேர்மையானது.

பணத்தைவிட நீண்ட நாள் உதவுவது பயண முடிவில் வரும் கருத்துப் படிவம். அதில் ஓர் ஊழியரின் பெயரைக் குறிப்பிட்டு அவர் செய்த நல்லதை இரண்டு வரி எழுதினால், அது அவருடைய மேலாளர்களின் பார்வைக்குப் போகிறது.

சில வேளைகளில் குறை மேசையில் தீராத அளவுக்குப் போய்விடும். 2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் ‘கார்னிவல் டிரயம்ஃப்’ கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரமும் கழிவறையும் சரியாக இல்லாமல் நாட்கணக்கில் மிதந்து, இழுவைப் படகுகளின் உதவியால் அலபாமாவின் மொபைல் துறைமுகம் சேர்ந்தார்கள். இறங்கிய பயணிகள் நிறுவனத்தின் மேல் கொதித்தாலும், ஊழியர்களை மட்டும் பலரும் மனதாரப் பாராட்டினார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் கப்பல் நிறுவனங்களின் சங்கம் பயணிகளுக்கான உரிமைப் பட்டியலை வெளியிட்டது. இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுத் தொகை, பாதியில் முடிந்தால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்பது அதில் உள்ளது. கடலில் அவசர மருத்துவ உதவியும், தாமதத்தின்போது உடனுக்குடன் தகவலும் பயணியின் உரிமை.

ஆனால் ஊர் திரும்பிய பிறகு சண்டை போடுவது கடினம். வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதியர், மனைவி கப்பலில் வழுக்கி விழுந்ததற்காகத் தங்கள் ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். வழக்கு எதுவானாலும் புளோரிடாவில்தான் என்று டிக்கெட்டில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த நிபந்தனை செல்லும் என்று 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் மறுகோடிக்குப் போய் வழக்காட எத்தனை பேரால் முடியும்?

அதனால் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே குறையைச் சொல்லி, தேதியும் பேசியவர் பெயரும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். கணக்குக்கும் இது பொருந்தும். குடிக்காத பானத்துக்கும் போகாத சுற்றுலாவுக்கும் பணம் ஏறியிருக்கிறதா என்று இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பே கப்பலின் செயலியில் பார்த்துவிடலாம். கப்பல் துறைமுகத்தில் நிற்க, மற்றவர்கள் ஊர் பார்க்கப் போயிருக்கும் மதிய வேளையில் சேவை மேசையில் வரிசையே இருக்காது. ரசீதைக் காட்டிச் சொன்னால் தவறான தொகையை அங்கேயே நீக்கிவிடுவார்கள்.

(தொடரும்)