காத்திருந்த நேரம் எங்கே போனது?

நாவுல காத்திருப்பவர்களின் ஊர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே, எலஹெர வீதி பிரிகிற இடத்தில் இருக்கிறது. தம்புள்ளைப் பக்கம் போகிறவருக்குக் கவலையில்லை, ஒன்று விட்டால் இன்னொரு பஸ். எலஹெரப் பக்கம் போகிறவர்தான் நிழல் தேடி நிற்க வேண்டும். பஸ் தரிப்பிடம், சலூன் வாங்கு, மருந்து எடுக்கும் வரிசை, தேத்தண்ணிக் கடை மேசை என்று இந்த ஊரில் மனிதர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் இடங்கள் நிறைய.

ஒரு காலத்தில் இந்த இடங்களில் எல்லோர் கையிலும் ஏதாவது ஒரு தாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீரகேசரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து நான்கு பேர் படிப்பார்கள். சிங்களப் பத்திரிகையைத் தமிழ் ஆள் படிப்பார், தமிழ்ப் பத்திரிகையின் படத்தைச் சிங்கள ஆள் பார்த்து விவரம் கேட்பார். வடை சுற்றிக் கொடுத்த தாளைக்கூட எண்ணெய்யைத் துடைத்துவிட்டுப் படித்த சனம் இது. அந்தத் தாளில் தொடர்கதையின் நடு அத்தியாயம் இருந்துவிட்டால் முன்னும் பின்னும் தெரியாமல் நாள் முழுக்க மண்டை குடையும்.

வாசிப்பு செத்துவிட்டது என்று ஒவ்வொரு ஒக்டோபரிலும் கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறோம். ஒக்டோபர் நமக்குத் தேசிய வாசிப்பு மாதம். மாலை, மங்கள விளக்கு, பிரதம அதிதி, வாசிப்பின் நன்மைகள் பற்றி ஒரு மணி நேரப் பேச்சு. அந்த ஒரு மணி நேரத்தில் மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் ஒரு சிறுகதையைப் படித்து முடித்திருக்கலாம். புத்தகத்தின் பெருமையைப் பற்றிப் பேசுகிறோமே தவிர, அதைப் படித்த நேரம் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. 1979இல் இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தபோது அது நம் மாலை நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டது. பஸ் தரிப்பிடத்தை அதனால் தொட முடியவில்லை. கைபோன் வந்து அதையும் எடுத்துக்கொண்டது. எலஹெர பஸ் இப்போதும் பிந்தித்தான் வருகிறது. ஆனால் காத்திருக்கிறோம் என்ற உணர்வே யாருக்கும் இல்லை.

என் வாசிப்பும் அப்படித்தான் நின்றது. சண்டை போட்டுப் பிரியவில்லை, மெல்ல மெல்லப் பேச்சு வார்த்தை குறைந்துபோன சொந்தம் மாதிரி. வீட்டில் புத்தகம் இருந்தது, அவ்வப்போது வாங்கவும் செய்தேன். தூசு தட்டுவதோடு சரி.

2022 வந்தது. அந்த வருடத்தை இலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அச்சடிக்கத் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைச் சோதனைகள் தள்ளிப்போயின. சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்திய பத்திரிகைகள் உண்டு. எஞ்சியவை மெலிந்தன. புத்தக விலை ஏறிய ஏற்றத்தில் கடைக்குப் போனவர்கள் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வாசிப்புக்கு அதைவிடக் கெட்ட காலம் இருக்க முடியாது என்றுதான் கணக்குச் சொல்லும்.

ஆனால் போனில் சார்ஜ் இல்லை. அதுதான் விஷயம்.

பெற்றோல் வரிசையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இருட்டும்வரை அதன்மேல் உட்கார்ந்திருக்க வேண்டிய நாட்கள். போன் காலையிலேயே அணைந்துவிடும். அப்பாவின் தகரப் பெட்டியிலிருந்து கைக்கு அகப்பட்ட ஒன்றை ஒருநாள் எடுத்துக்கொண்டு போனேன்: செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, வீரகேசரி பிரசுரம். பழுப்பேறிய மலிவுத் தாள். முதுகில் அடித்த கம்பி துருப்பிடித்து, நடுப் பக்கங்களில் செம்மண் நிறத்தில் இரண்டு புள்ளிகள். உள் அட்டையில் அப்பாவின் கையெழுத்து, அதற்குக் கீழே இரவல் வாங்கிய வேறு யாரோ ஒருவரின் பெயர், அந்தப் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு. திருப்பித் தந்துவிட்டார் போல.

அந்தப் புத்தகம் வந்த கதையும் ஒரு தட்டுப்பாட்டில்தான் தொடங்குகிறது. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. விகடனும் குமுதமும் கல்கியும் தாராளமாக வந்த ஊர்களில் திடீரென்று படிக்க ஒன்றுமில்லை. அந்த இடைவெளியில் வீரகேசரி நிறுவனம் நம் நாட்டு எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் அச்சிட்டுத் தன் பத்திரிகை முகவர்கள் வழியே ஊர் ஊராக அனுப்பியது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ எல்லாம் அப்படி வந்தவை. வன்னிக் காடும் நெடுந்தீவுக் கடலும் தேயிலைத் தோட்டத்து லயமும் ஒரே கடையில், பத்திரிகைக்குப் பக்கத்தில் தொங்கின. இறக்குமதியை அடைத்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் வாதாடலாம். படிக்க ஆளிருந்தது, பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. எங்கள் கதையை நாங்களே படித்தோம்.

சரி, வரிசைக்கு வருவோம். முதல் நாள் நாலு பக்கம் தாண்டவில்லை. கண் வரியில் நிற்காமல் பக்கத்தின் அடிக்கு ஓடுகிறது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், செத்த போனைத் தொட்டுவிட்டு வருகிறது. பக்கத்தில் முச்சக்கர வண்டிக்குள் காலை நீட்டிப் படுத்திருந்த நானா ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, சோதனையா?”

“இல்ல நானா, கதப் புத்தகம்.”

“அப்ப கொஞ்சம் சத்தமா வாசிங்களே, எனக்கும் பொழுது போவும்.”

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாசித்தேன். வாய் விட்டு வாசித்தால் கண் தாண்டி ஓட முடியாது, நாக்கு வந்து சேரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டு பக்கத்தில் நானா எழுந்து உட்கார்ந்தார். கடலே பார்க்காத இந்த மலையடிவாரத்தில், வாடைக் காலத்தில் நெடுந்தீவுக்கு வந்து வாடி போடும் மீனவர்களின் காதலும் பகையும் பெற்றோல் வரிசைக்குள் புகுந்தன. வரிசை நகரும்போது வண்டியைத் தள்ளிவிட்டு, “ம், பிறகு?” என்பார். ஜூலையில் கியூஆர் அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று பங்கீடு தொடங்குவதற்குள் நாவல் முடிந்துவிட்டது.

சத்தமாக வாசிப்பதும் கேட்பதும் இந்த வீதிக்குப் புதிதல்ல. நாவுலவிலிருந்து மாத்தளைக்குப் போகிற வழியில்தான் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி மன்னன் காலத்தில், அதுவரை பிக்குகள் வாய்மொழியாகவே காத்துவந்த திரிபிடகம் அங்கேதான் ஏட்டில் ஏறியது என்பது மரபு. காரணம் பஞ்சமும் போரும். மனனம் செய்தவர்கள் செத்துப்போனால் அறமும் போய்விடும் என்ற பயம். இன்றும் அங்கே போனால் எழுத்தாணியால் ஓலையில் கீறிக் காட்டுவார்கள். கீறும்போது எழுத்துத் தெரியாது, வெறும் ஓலைதான். கரியும் எண்ணெயும் கலந்த மையை மேலே பூசித் துடைத்த பிறகுதான் வரிகள் கறுப்பாக எழுந்து வரும்.

வாசிப்பு நின்றுபோவது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. வாசிக்கும் மூளையைப் பற்றியே ஆயுள் முழுக்க ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியை மேரியன் வுல்ஃப், 2018இல் வெளியான தன் நூலில் இதைச் சொல்கிறார். இளமையில் தான் கொண்டாடிய ஹெர்மன் ஹெஸ்ஸேயின் பெரிய நாவல் ஒன்றைத் திரும்ப எடுத்தபோது அவரால் படிக்க முடியவில்லை. வாக்கியங்கள் நீளமாகத் தெரிந்தன, பொறுமை இல்லை. நாள் முழுதும் திரையில் மேய்ந்து பழகிய கண், நாவலையும் மேய்ந்தது. பிறகு தினமும் 20 நிமிடம் என்று கட்டாயம் வைத்து, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பழைய வாசகியை மீட்டாராம். பார்ப்பதற்கும் பேசுவதற்கும் இருப்பதுபோல வாசிப்பதற்கென்று மூளையில் பிறவி ஏற்பாடு எதுவும் கிடையாது, பழகிப் பழகி நாமே கட்டிக்கொள்வது அது, பழக்கம் மாறினால் அதுவும் மாறும் என்பது அவர் வாதம்.

வுல்ஃப் சொல்வது சரி. அவர் போன வழிதான் எல்லோருக்கும் ஆகாது. நின்றுபோன வாசிப்பைக் கட்டாயத்தால் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகத்தைத் தேடி எடுப்பார்கள், மூன்றாம் நாள் அதையே தலையணை ஆக்குவார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் டானியல் பெனாக் 1992இல் வாசகருக்குப் பத்து உரிமைகளை எழுதிக் கொடுத்தார். படிக்காமலிருக்க, பக்கங்களைத் தாண்ட, முடிக்காமல் விட உரிமை உண்டு. சத்தமாக வாசிக்கவும் உரிமை உண்டு. ஆசிரியராக இருந்தவர் அவர். வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டியே பிள்ளைகளைப் புத்தகத்தின் பக்கம் இழுத்தவர். என் ஓட்டு அவருக்கு.

காத்திருக்கும் இடத்தில் புத்தகத்தை வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடியில் ஒருவர் செய்தே காட்டினார். மில்லர்புரத்தில் சலூன் நடத்தும் பொன் மாரியப்பன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். முடி வெட்ட வந்து காத்திருப்பவர்களுக்காகக் கடைக்குள்ளேயே நூலகம் அமைத்தார். படிக்கிறவர்களுக்குக் கட்டணத்தில் கழிவு. 2020 ஒக்டோபரில் இந்தியப் பிரதமர் மோடி தன் வானொலி உரையில் அவரோடு தமிழில் நாலு வார்த்தை பேச, ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. நமக்கு அதைக் கேட்டதும் நினைவுக்கு வர வேண்டியவர் டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்தபடியே 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி, கையில் தூக்கிக்கொண்டு போய் ஆள் ஆளாக விற்று, நாற்பது வருடங்களுக்கு மேல் நடத்தினார். வாசகன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்பது சலூன்காரருக்குத் தெரிந்த அளவுக்குக் கூட்டம் போடுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

நாவுலவில் ஒரு தமிழ்ப் புத்தகம் வாங்க வேண்டுமென்றால் மாத்தளைக்கோ கண்டிக்கோ போவதுதான் வழக்கம். அதனால் போனை முற்றாகப் பகைக்கவும் நான் சொல்லமாட்டேன். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில், கடைகளில் இல்லாமல் போன ஈழத்து, மலையகப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் என்று இந்த மாவட்டமே பெற்ற கதைக்காரர்களை அங்கே தேடலாம். வாசிப்பு நின்றுபோனவருக்குச் சிறுகதைதான் முதல் மருந்து என்பது என் துணிபு. நாவுலவில் ஏறினால் மாத்தளையில் இறங்குவதற்குள் ஒன்று முடியும், இருக்கை கிடைத்தால் இரண்டு.

இன்னொரு சிக்கல் இங்கே உண்டு. சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் ஊர் இது. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள் பலர் சிங்கள மொழிமூலம் படிக்கிறார்கள். தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்ட வராது. அவர்களிடம் போய்த் தமிழில் படி என்று சொன்னால் அது வாசிப்பல்ல, இன்னொரு பாடம். எந்த எழுத்தில் கதை தடங்கலின்றி ஓடுகிறதோ அதில் படிக்கட்டும். தமிழ் எழுத்தைப் பிறகு பிடிக்கலாம், கதைப் பசி வந்துவிட்டால் அதற்கு வழி பிறக்கும்.

நானாவின் பேத்தி அப்படித்தான். ‘வாடைக்காற்று’ முடிந்த கையோடு, வீட்டில் இரவு மின்வெட்டு நேரத்தில் அவளை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவளிடம் இருந்தது மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடொல்தூவ’, 1947இல் வந்த சிங்களச் சிறுவர் நாவல். அவள் சிங்களத்தில் வாசிக்க, சிங்களம் சரளமில்லாத பாட்டிக்கு நானா தமிழில் சொல்லிக்கொண்டே போவாராம். சொல்கிற சாக்கில் தன் சரக்கையும் கொஞ்சம் சேர்த்திருக்கிறார். கதையில் கெட்டிக்காரன் உபாலி இல்லை, கூட வருகிற ஜின்னாதான் என்பது நானாவின் கட்சி. பேத்திக்கு அது ஒப்பவில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிறாள். என் சிங்கள வாசிப்பு கடைப் பலகை மட்டும்தான் என்று சொன்னால் நம்ப மறுக்கிறாள்.