நான்காவது படுக்கை

புதுச்சேரி நகரின் தென்பகுதியில், முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் நம் முன்னோர் கட்டிய இல்லங்களை உற்று நோக்கியிருப்பீர்கள். திண்ணையும் தெருவோரத் தாழ்வாரமும் தமிழ்நாட்டு முறை. மாடியின் வளைவுச் சன்னல்கள் பிரெஞ்சுக்காரர் காலத்து முறை. வணிகத்தாலும் சைகோன் வருவாயாலும் எழுந்த அவ்வில்லங்களுள் பல இன்று வாரிசுகளிடையே பங்காகி, ஒரு கூடமும் ஓர் அறையுமாகச் சுருங்கிவிட்டன. அந்த ஓர் அறைக்குள்தான் புதுமணத் தம்பதியருக்கென்று கட்டில், பீரோ, சோபா, நிலைக்கண்ணாடி மேசை அனைத்தையும் கொண்டுவந்து அடைக்கிறோம். அவற்றை வாங்கித் தரப் பெண்ணைப் பெற்றவர் எவரிடம் கடன்பட்டார் என்பதை மாப்பிள்ளை வீட்டார் கேட்பதுமில்லை.

மனைவிக்கு உறைவிடமும் விரிப்பும் பாத்திரமும் அளிப்பது கணவனின் பொறுப்பு என்றே ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. நாமோ 'சீர்' என்று பெயரிட்டு அச்சுமையை மாமனார் தலையில் ஏற்றிவிட்டோம். அவரும் 'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரத்தைக் கண்டு, ஹராமில் விழவில்லை என்று நிம்மதி கொள்கிறார். சகோதரர்களே, இத்தகைய கடன்களில் வட்டியே இல்லை என்பது உண்மையன்று என்று 2013-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. வட்டி நடைமுறைக் கட்டணமாக வேடமிட்டு வரும். அல்லது ரொக்கத்துக்கு வாங்குவோர்க்குக் கிடைக்கும் தள்ளுபடியை மறுத்து, பொருளின் விலைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். கையொப்பமிடுமுன் ரொக்க விலை என்ன, தவணை முடியக் கட்டும் மொத்தத் தொகை என்ன என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

கணவனுக்கு ஒரு படுக்கை, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. நான்காவது ஷைத்தானுக்குரியது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். விருந்தினருக்கும் அதில் பங்கிருப்பதைக் கவனியுங்கள். வெறுந்தரையே மார்க்கம் என்று எவரும் சொல்லவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்ட உருவச் சித்திரத் திரையைப் பெருமானார் (ஸல்) விரும்பாதபோது, அன்னையார் அத்துணியை எறிந்துவிடவில்லை, கிழித்துத் தலையணைகளாக்கினார்கள். பழைய சேலையும் லுங்கியும் திரைச்சீலையாகவும் மெத்தை உறையாகவும் மாறுவதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? துணி போதாதென்றால், ஞாயிறுதோறும் காந்தி வீதியில் கூடும் சந்தைக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.

செலவைச் சுவரிலிருந்து தொடங்கலாம். நம் பழைய வீடுகளின் சுவர் சுண்ணாம்புக் காரையால் ஆனது. கடலோர ஈரத்தை அது உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் விலையுயர்ந்த பிளாஸ்டிக் வண்ணத்தைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, சில மழைக்காலங்களில் வண்ணம் செதிள் செதிளாக உரிந்துவிடும். நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது பசை கலந்து அடியுங்கள். ஒரே பூச்சாகக் கனமாக அடிக்காமல், நீர்க்கக் கரைத்து இரண்டு மூன்று முறை அடிக்கவேண்டும். வெண்மைக்குத் துளி நீலம். நிறம் வேண்டுமானால் மஞ்சள் காவி. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு. பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள். சிமெண்டுச் சுவர் வீட்டாருக்கு இவ்வளவு கட்டாயமில்லை. ஆயினும் அவர்களுக்கும் இதுவே மலிவு.

அடுத்தது மரம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் பளபளப்புத் தாள் ஒட்டிய அலமாரிகள் கடைகளில் கண்ணைக் கவர்கின்றன. அடிப்பகுதியில் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் ஊதிப் பெருத்துவிடும். அதன்பின் ஆணியும் நில்லாது. இரும்பு பீரோவை உப்புக்காற்று அரிக்கும். இருப்பதைக் கட்டையின்மேல் ஏற்றிவைத்து, துரு கண்ட இடத்தைச் சுரண்டி வண்ணம் தீட்டினால் மேலும் பல்லாண்டு உழைக்கும். இந்நகரில் பழைய வீடுகள் இடிக்கப்படுவது வேதனைக்குரியது. ஆனால் அவற்றிலிருந்து இறங்கும் பர்மாத் தேக்கு, காலத்தால் உலர்ந்து பக்குவப்பட்டதாகையால் எளிதில் கோணாது. கரையான் துளையில்லாத சட்டங்களைத் தேர்ந்து, ஆணிகளைப் பிடுங்கி, தச்சரிடம் கொடுத்துக் கட்டில் செய்துகொள்ளலாம். வெளியூர்ப் பயணிகளுக்கென்று அலங்கரித்து வைத்திருக்கும் பழம்பொருள் கடைப்பக்கம் மட்டும் போகாதீர்கள். அங்கே அதே தேக்குக்கு வேறு விலை.

ஆயத்துகள் எழுதிய சட்டங்களை வரிசையாக மாட்டி, தூசி தட்டக்கூட நேரமின்றி வாழும் வீடுகளையும் காண்கிறோம். ஒன்று போதும், அதைப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி ஓதும் உயரத்தில் மாட்டுங்கள்.

இனித் தரை. நெல்லைச் சீமைப் பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் கோரைப்பாய்க்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நுண்பாய் விலை மிகுந்தது. அன்றாடத்துக்குப் பருங்கோரைப் பாயே போதும். பகலில் அது விருந்தினர் அமரும் இருக்கை, வக்து வந்தால் தொழுமிடம், இரவில் பிள்ளைகளின் படுக்கை. எழுந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால் அறை மீண்டும் விசாலமாகும். மழைக்காலத்தில் ஈரத்தோடு சுருட்டாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். வெயில் கண்ட அன்று முற்றத்தில் விரித்துக் காயவிடுங்கள்.