பாதம் படும் பாடு

ஓட்டப் பந்தயத்தில் முந்தியவர் மார்பில் பதக்கம் அணிவிக்கின்றோம்; அவரைச் சுமந்து ஓடிய பாதங்களை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஒவ்வொரு பாதமும் 26 எலும்புகளால் ஆயது. ஓடும்போது அடிதோறும் உடலின் எடையைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட விசையை அது தாங்குகின்றது.

1855-ஆம் ஆண்டில் பிரைட்டாப்ட் என்னும் பிரஷியப் படை மருத்துவர், நெடுந்தூரம் நடந்த வீரர்களின் பாதங்கள் வீங்கி நோவதைக் கண்டு எழுதி வைத்தார். உண்மைக் காரணம் அந்நாளில் எவருக்கும் புலப்படவில்லை. ராண்ட்ஜன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். ஈராண்டு கழித்து அக்கதிர்ப் படங்கள் மறைபொருளை வெளிப்படுத்தின. பாதத்தின் நடுவிலுள்ள நீண்ட எலும்புகளில் முறிவு ஏற்பட்டிருந்தது! ஒரே அடியால் நேர்ந்ததன்று அது. ஆறுவதற்கு இடைவெளியின்றிப் பல்லாயிரம் சிற்றடிகள் விழுந்தமையால் நேர்ந்தது. கம்பியை மேலும் கீழும் வளைத்துக்கொண்டேயிருந்தால் இறுதியில் ஒடிகின்றதன்றோ? ஆயினும் கம்பிக்கு இல்லாத ஆற்றல் எலும்புக்கு உண்டு. ஓய்வு கிடைத்தால் அது தன்னைத் தானே செப்பனிட்டுக் கொள்ளும்.

இவ்வகை முறிவு ஓட்டக்காரர்க்கும் நேரும். வளரும் பருவத்தினர்க்கோ வேறோர் இன்னலும் உண்டு. அவர்தம் குதிகால் எலும்பின் பின்புறத்தில் இன்னும் எலும்பாகி முடியாத குருத்து இருக்கும். கெண்டைக்கால் தசையின் வலிய நாண் அவ்விடத்திலேதான் பற்றியிருக்கின்றது. ஓடுந்தோறும் தாவுந்தோறும் நாண் இழுக்க, குருத்து நோகும். குதிகாலை இருபுறமும் அழுத்தினால் வலி தெரியும். அமெரிக்க மருத்துவர் செவர் 1912-இல் இதனை விளக்கியமையால் 'செவர் நோய்' என்பர். நோய் என்னும் பெயர் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. குருத்து முற்றி எலும்பானதும் இது தானே நீங்கிவிடும்.

அஞ்ச வேண்டியது முன்னர்க் கூறிய முறிவினையே. முதற் சில வாரங்களில் எக்ஸ் கதிர்ப் படத்திலும் அது தென்படாமற் போவதுண்டு. அந்நிலையில் மருத்துவர்க்கு உதவும் பெருஞ்சான்று, நோவுற்றவர் வாய்ச்சொல்லே. பந்தயநாள் நெருங்குகின்றது என்று மாணவர் வலியை மறைத்தால் அச்சான்றும் இல்லாமற் போகும். நோவை மறைத்து ஓடுவதை வீரம் எனப் புகழ்வாரும் உளர். அப்புகழ்ச்சி ஒடிந்த எலும்பைக் கூட்டுவதில்லை.

விரல் நுனியால் தொட்டுக் காட்டத்தக்க ஓரிடத்தில் வலித்தாலும், நொண்டி நடக்க நேர்ந்தாலும், ஓய்ந்திருக்கும்போதும் நோவு தணியாவிட்டாலும் உடனே ஆசிரியரிடம் கூறி மருத்துவரைக் காண வேண்டும். இம்முறிவு பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் கூடிவிடும். அதுகாறும் ஓட்டம் கூடாது. மருத்துவர் இசைந்தால் நீந்தலாம்.